எட்டரை சென்டிமீட்டர் ஊர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அசல் சான்றிதழ்களை வாங்க அடுத்த மாதம் உக்ரைனில் இருக்கிற உஷ்ஹோரோத் போகப் போவதாக நேற்று போனில் சொன்னாய். உன் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நானும்தான் தூங்கவில்லை, ஆனால் எனக்குக் குறட்டை விடுகிற மாதிரி நடிக்கத் தெரியும். 2025 ஆகஸ்டில் பக்கத்து முகாச்செவோவில் ஒரு தொழிற்சாலை மேல் ஏவுகணை விழுந்ததை நாங்களும் டிவியில் பார்த்தோம். இருந்தாலும் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. சொன்னாலும் கேட்கிற ஆளா நீ! போகிற வழியில் சோப் என்று ஓர் ஊர் வருகிறதே, அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் "அப்பா, டியூட்டி இருக்கு" என்று வைத்துவிடுவாய்.

2022ல் போர் தொடங்கி நீ உக்ரைனை விட்டு வந்த அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, சோப் வந்துட்டோம்" என்று நீ சொன்னதும் சமையலறையிலிருந்து அம்மா, "இந்த நேரத்துல சோப்பு எதுக்குடி?" என்று கேட்டாள். மூன்று நாளில் நான் சிரித்தது அப்போதுதான். 'பச்சை' என்ற சொல்லில் வரும் ச்சவை அழுத்துகிற மாதிரி ச்சோப் என்று சொல்ல வேண்டுமாமே. அப்புறம் பதினான்கு மணி நேரம் அந்த ஸ்டேஷனில் நின்றாய். எல்லை தாண்டி ஹங்கேரியின் ஸாஹோனியில் இறங்கி சூப் குடிக்கிற படத்தை அனுப்பினாய். சோப் எப்படி இருந்தது என்று பிறகு கேட்டபோது, "ஒரு கூட்டம், ஒரு சுவர், பயங்கரக் குளிர்" என்றாய். அவ்வளவுதான்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. முப்பத்தி நாலு வருஷம் ரயிலில் கார்டு வேலை பார்த்தவனிடம் ஒரு ஜங்ஷனை அப்படிச் சொல்லலாமா? ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை, உட்கார்ந்து படித்தேன்.

திஸா ஆற்றங்கரையில், உக்ரைனும் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் கூடுகிற மூலையில் இருக்கிறது அந்த ஊர். ஒன்பதாயிரம் பேர்கூட இல்லை. உக்ரைனின் மேற்குக் கோடி முனையே பக்கத்துச் சொலமோனோவோ கிராமத்தருகில்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆவணத்திலேயே பெயர் இருக்கிறதாம். ஆனால் அறுநூறு வருஷம் அது சும்மா ஒரு கிராமம். 1870களில் ஹங்கேரிக்காரர்கள் ரயில் போட்ட பிறகுதான் அதற்கு யோகம் வந்தது. அவர்கள் அதை ச்சாப் என்பார்கள், குழாய்க்கும் அதே சொல் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். நாலு திசையிலிருந்தும் பாதைகள் வந்து சேர்ந்தன, ஜங்ஷன் ஆகிவிட்டது.

ஜங்ஷன் ஆனதுதான் வினை. முதல் உலகப் போர் முடிந்து 1920ல் ட்ரியானோன் ஒப்பந்தத்தில் எல்லைக்கோடு போட்டபோது, ருமேனியாவுக்குப் போகும் ரயில் பாதை தங்களுக்கு வேண்டும் என்று செக்கோஸ்லோவாக்கியா பிடிவாதம் பிடித்தது. ஊரில் ஹங்கேரிய மொழி பேசுகிறவர்களே அதிகம், இருந்தும் தண்டவாளத்துக்காக ஊர் கை மாறியது. 1938 நவம்பரில் வியன்னாவில் உட்கார்ந்து திரும்ப ஹங்கேரிக்குக் கொடுத்தார்கள். 1944 கடைசியில் செம்படை வந்தது, 1945ல் சோவியத் யூனியன். 1991ல் உக்ரைன். அந்தப் பக்கத்தில் ஒரு பழைய வேடிக்கைக் கதை சொல்வார்களாம். ஒரு கிழவர், "நான் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்தேன், செக்கோஸ்லோவாக்கியாவில் படித்தேன், ஹங்கேரியில் கல்யாணம் பண்ணினேன், சோவியத்தில் வேலை பார்த்தேன், இப்போது உக்ரைனில் பென்ஷன் வாங்குகிறேன்" என்றாராம். "நிறைய ஊர் சுற்றியிருக்கிறீர்களே" என்றதற்கு, "ஐயோ, நான் எங்கள் தெருவைத் தாண்டியதில்லை" என்றாராம்.

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் இரண்டு விஷயம் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 1944 வசந்தத்தில் அந்த வட்டாரத்து யூதர்களை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலில்தான் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வண்டிகளிலும் என்னை மாதிரி ஒரு கார்டு இருந்திருப்பான். நேரம் பார்த்துக் குறித்திருப்பான், விளக்குக் காட்டியிருப்பான். அதே வருஷம் நவம்பரில் செம்படை, 18 முதல் 50 வயது வரையுள்ள ஹங்கேரிய ஆண்களை "மூன்று நாள் சின்ன வேலை" என்று கூப்பிட்டுக்கொண்டு போனது. ஸ்வாலியாவா முகாமிலும் அதற்கப்பால் வேலை முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ரஷ்ய மொழியில் சின்ன வேலை என்பதை அரைகுறையாகக் கேட்டு, அந்த மக்கள் அந்தக் கொடுமையை இன்னும் "மலென்கி ரோபோட்" என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, ஸ்டேஷனுக்கு வருகிறேன். சோவியத்தின் ரயில் பாதை அகலம் 1520 மில்லிமீட்டர். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா பக்கம் 1435. வித்தியாசம் 85 மில்லிமீட்டர், எட்டரை சென்டிமீட்டர். உன் உள்ளங்கை அகலம் இருக்குமா? அந்த எட்டரை சென்டிமீட்டர்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. அந்தக் காலத்தில் மாஸ்கோவிலிருந்து புடாபெஸ்ட் போகிற வண்டி அங்கே நிற்கும். பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி, ஜாக்கி வைத்து ஆள் உயரத்துக்குத் தூக்கி, அடியிலிருக்கும் போகியை உருட்டி எடுத்துவிட்டு வேறு அகலப் போகியை உருட்டி விடுவார்கள். பயணிகள் உள்ளேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மணி நேர வேலை. (நம் ஊரில் பெட்டியையே போகி என்கிறோம், "எந்த போகி சார்?" என்று கேட்டு என் உயிரை எடுப்பார்கள். போகி என்பது பெட்டிக்குக் கீழே சக்கரங்கள் இருக்கிற சட்டம். இதை நான் சொல்லாத கல்யாண வீடு இல்லை என்று அம்மா திட்டுவாள்.)

இன்னொன்று சொல்கிறேன், இதற்காகவே நீ போக வேண்டும். திருச்சியில் இரண்டு கேஜும், அதாவது இரண்டு பாதை அகலமும், இருந்த காலத்தில் மீட்டர் கேஜ் 1000, பிராட் கேஜ் 1676. அவ்வளவு வித்தியாசம் இருந்தால் மூன்று தண்டவாளம் போதும், ஒன்றை இரண்டு வண்டிக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். எட்டரை சென்டிமீட்டரில் அது நடக்காது. தண்டவாளத்தின் அடிப்பாகமே அதைவிட அகலம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைக்க இடமில்லை. அதனால் அங்கிருந்து முகாச்செவோ வரைக்கும் ஒரே ஸ்லீப்பர் கட்டை மேல் நாலு தண்டவாளம் பின்னிக்கொண்டு ஓடுகிறது. என் சர்வீஸில் நான் பார்க்காத காட்சி.

பக்கத்தில் ஸ்லோவாக்கியாவில் சியெர்னா நாத் திசோ என்று ஒரு ரயில்வே ஊர் இருக்கிறது. சோப் ஜங்ஷன் கையை விட்டுப் போனதும், சரக்கு மாற்றுவதற்கென்றே செக்கோஸ்லோவாக்கியா அதைப் புதிதாகக் கட்டியது. 1968 ஜூலை 29ஆம் தேதி சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் செக்கோஸ்லோவாக்கியத் தலைவர் டூப்செக்கும் பேச்சுவார்த்தைக்கு அங்கேதான் சந்தித்தார்கள். பகலில் பேச்சு. ராத்திரியானால் சோவியத் தலைவர்கள் வந்த ரயில் எல்லை தாண்டித் தங்கள் பக்கம் போய்விடும். காலையில் திரும்ப வரும். நாலு நாள் இப்படியே. உறவு முறிந்த சம்பந்தி வீட்டுக்கு வந்து கை நனைக்காமல் போகிற மாதிரி. மூன்று வாரத்தில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போய்விட்டன. படுக்க எங்கே போனார்கள் என்பதைப் பார்த்தே செக்கோஸ்லோவாக்கியர்கள் புரிந்துகொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஊரில் கோட்டையோ அரண்மனையோ தேடாதே. பார்க்க வேண்டியது அந்த ஸ்டேஷன் கட்டடம்தான், ஊருக்குச் சம்பந்தமே இல்லாத பெரிசு. சோவியத் யூனியனுக்குள் நுழைகிறவன் முதலில் பார்க்கிற இடம் என்பதால் வாசலிலேயே மிரட்டிவிட வேண்டும் என்று கட்டியிருப்பார்கள் போல. அப்புறம் திஸா மேல் ரயில் பாலம், அதில்தான் நீ அன்றைக்குப் போனாய். அப்புறம் நேரம். அரசாங்கக் கடிகாரம் கீவ் நேரம் காட்டும், ஹங்கேரியக் குடும்பங்கள் பலவும் வீட்டில் புடாபெஸ்ட் நேரம் வைத்துக்கொள்வார்களாம். ஒரு மணி நேரம் வித்தியாசம். யாராவது "நாலு மணிக்கு வா" என்றால் எந்த நாலு என்று கேட்டுக்கொள்.

கார்கிவிலிருந்து வந்த உன் தோழி, லிவிவ் தாண்டி ஒரு நீளமான சுரங்கத்தில் வண்டி நுழைந்தபோது அழுதுவிட்டதாகச் சொன்னாளே, அது பெஸ்கித் சுரங்கம். 1886ல் போட்ட பழையதில் ஒற்றைப் பாதைதான். பக்கத்தில் இரட்டைப் பாதையோடு புதியது 2018ல் திறந்தார்கள். நாலு வருஷம் பிந்தியிருந்தால் அந்த 2022 கூட்டத்தை அந்த மலை எப்படித் தாண்டவிட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இப்போது ஐரோப்பிய அகலப் பாதையை அங்கிருந்து உஷ்ஹோரோத் வரை 22 கிலோமீட்டர் நீட்டிவிட்டார்கள், 2025 செப்டம்பரில். புடாபெஸ்டில் ஏறினால் போகி மாற்றாமல், வண்டி மாறாமல் உஷ்ஹோரோத்தில் இறங்கலாம். உனக்கு நல்லதுதான். எனக்கு மட்டும் அந்த ஜாக்கி பிடிக்கிற ஆட்கள் ஞாபகம் வருகிறது. திருச்சியில் கேஜ் மாற்றி முடித்த பிறகு, ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மூட்டை மாற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் யார்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவேன். சரக்கு இன்னும் அகலப் பாதையில்தான் வருகிறது, போரில் கடல் துறைமுகங்கள் அடைபட்டபோது தானிய வண்டிகள் இந்த எல்லைகளில்தான் வரிசை கட்டி நின்றன. ஆகவே உடனே ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் செய். திரும்பி வரும்போது உள்ளூர் வண்டியில் சோப் வரைக்கும் வந்து, அடுத்த வண்டி வரும்வரை ஸ்டேஷனைச் சுற்றிப் பார். ராணுவம் நிற்கிற பக்கம் போகாதே, போர்க்காலத்தில் ரயில்வேயில் கேமராவை நீட்டுவது எந்த நாட்டிலும் வம்பு. அந்த நாலு தண்டவாளத்தைப் படம் எடுக்க வேண்டாம், கண்ணால் பார்த்துவிட்டு வந்து போனில் சொல். அன்றைக்கு நின்ற சுவர் எது என்று தெரிந்தால் அதையும் சொல்.

உள் ஜேபியில் பாஸ்போர்ட், கையில் ரொட்டி, போனில் சார்ஜ். அம்மா ஒரு பாக்கெட் இட்லிப் பொடி அனுப்புகிறாள். கூடவே, அந்த ஊர்ப் பெயர் எழுதிய சோப்பு கிடைத்தால் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். நீ எதற்கும் கேட்டுப் பார்.

அன்புடன்,
அப்பா