செம்பனின் பல்லும் சர்க்கரையும்

சத்துவாச்சாரி, வேலூர்
ஜூன் 14

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். செம்பனும் நலமாக இருக்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

11 வயதுப் பூனை, அதற்குச் சர்க்கரை நோய் வேறு, இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்குவதா, வேண்டாம் அப்பா, இருக்கிற வரை அப்படியே இருக்கட்டும் என்று நீ ஏப்ரலில் சொன்னாய். நான் அதை மீறிச் சென்னைக்கு அழைத்துப்போய் அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான் உனக்குச் சொன்னேன். முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. நீ அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் சிகிச்சை செய்ய முடிவெடுத்தது தவறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

பிப்ரவரியிலிருந்தே அவன் தட்டில் வைத்த உணவை வாயில் எடுத்துக் கீழே போடுவதும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுவதும், தாடையோரம் எச்சில் வழிவதும் உன் அம்மாவின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. ஆனாலும் அவன் சாப்பிடாமல் இருந்ததில்லை. வலியை வெளியே காட்டாமல் பசிக்குத் தின்றுவிடுவது பூனையின் இயல்பு என்பதால், சாப்பிடுகிறானே என்று நாங்களும் ஒரு மாதத்தை வீணாக்கினோம். பிறகு இங்கே ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஈறு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார். வீக்கம் நான்கு நாளில் வடிந்தது. அதுவரை 250, 270 என்று இருந்த சர்க்கரை 400ஐத் தாண்டியது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்று தெரிந்தே மருந்துக்கடையில் 30 ஆண்டு நின்றவன் நான். அன்றைக்கு, என்ன ஊசி என்று கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்ததை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. அதற்குப் பிறகு இன்சுலினை வேளைக்கு 3 யூனிட் வரை உயர்த்தியும் சர்க்கரை இறங்கவில்லை.

உன் ஆயாவுக்குக் காலில் புண் வந்து சீழ் பிடித்திருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அப்போது எவ்வளவு இன்சுலின் போட்டாலும் சர்க்கரை குறையவே இல்லை. உடம்பில் எங்காவது சீழோ அழற்சியோ இருந்தால் இன்சுலின் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாது; சர்க்கரை கூடக்கூடப் புண்ணும் ஆறாது. செம்பனின் வாயில் நடந்ததும் அதுதான். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பல்லைப் பார்க்கலாம் என்று காத்திருந்தால், பல் கெட்டிருக்கும் வரை சர்க்கரை கட்டுக்குள் வராது. சென்னையில் பல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவர் இதைத்தான் சொன்னார். சர்க்கரை அழகான எண்ணுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் கீட்டோன், அதாவது இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது சேரும் அமிலம், இல்லாமல், உடம்பில் நீர்ச்சத்துக் குறையாமல், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் போதும், செய்துவிடலாம் என்றார். நீ பயந்தது மயக்க மருந்துக்கு. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஆபத்துதான். அது மெதுவாக வருவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அறுவைக்கு முந்தைய மூன்று வாரமும் வீட்டில் ஒரே வேலையாக இருந்தது. இரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், பொட்டாசியம், வயதான பூனை என்பதால் தைராய்டு, இரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஃப்ரக்டோசமின் என்ற சோதனையும் செய்தார்கள்; மனிதர்களுக்கு மூன்று மாதச் சராசரி பார்ப்பதுபோல, இது கடந்த சில வாரங்களின் நிலையைக் காட்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. பயந்த பூனைக்கு மருத்துவமனை மேசையிலேயே சர்க்கரை 300 வரை ஏறிவிடும். அந்த ஒரு எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால் வீட்டுக்கு வந்ததும் மயங்கி விழும். ஆகவே வீட்டில் எடுக்கும் அளவுதான் முக்கியம் என்றார்கள். காதின் ஓரத்தை இளஞ்சூடான துணியால் சிறிது நேரம் பிடித்து, விளிம்பில் ஊசிமுனையால் குத்தினால் கடுகளவு இரத்தம் வரும். நாம் பயன்படுத்தும் குளுக்கோமீட்டரே போதும், ஆனால் அது பூனைக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். கடையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் நேரம், சர்க்கரை, ஊசியளவு, எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை முறை சிறுநீர் கழித்தான் என்று உன் அம்மா கோடு போட்டு எழுதிவந்தாள். மருத்துவர் அந்த நோட்டைத்தான் வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்.

ஒரு விஷயத்தை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டிசம்பரில் வரும்போது நீதான் ஊசி போடப் போகிறாய். நம் ஊரில் ஆயா போட்டுக்கொண்ட குப்பி இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. செம்பனுக்குப் போடும் கிளார்ஜின் என்ற இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. மே மாதம் கடைக்குப் புதிதாக வந்த பையன் எனக்குச் சிவப்பு மூடியைக் கட்டித் தந்துவிட்டான். நானும் பார்க்கவில்லை. மாலையில் மூடியைக் கழற்றும்போது உன் அம்மாதான், இது அத்தையோட ஊசி மாதிரி இருக்கிறதே என்றாள். அந்தச் சிரிஞ்சில் 3 என்ற கோடு வரை கிளார்ஜினை இழுத்தால் உள்ளே போவது 3 யூனிட் அல்ல, ஏழரை யூனிட். நாலே முக்கால் கிலோ எடையுள்ள உயிருக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை எழுதவும் கை வரவில்லை. இப்போது 0.3 மில்லி கொள்ளளவும், அரை யூனிட் கோடுகளும் உள்ள ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடுவதில்லை.

வேலூர் வெயிலையும் நீ அங்கே மறந்திருப்பாய். திறந்த கிளார்ஜினை 30 டிகிரிக்குள் இருக்கும் அறையில் 28 நாள் வைக்கலாம் என்பார்கள். மே மாதத்தில் நம் வீட்டில் அப்படி ஓர் அறை ஏது? குளிர்பெட்டியின் நடுத்தட்டில்தான் வைத்திருந்தோம். மின்சாரம் போன இரண்டு பிற்பகல்களில், கிராமத்திலிருந்து கடைக்கு வருகிறவர்களுக்கு நான் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்ததையே செய்தேன்: ஈர மணல்மீது வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் மூடி வைத்தேன். சென்னைக்கு ஃப்ளாஸ்கில் எடுத்துப்போனபோது ஐஸ் நேராகப் படாதபடி துணி சுற்றினேன். வெயிலைப் போலவே உறைவதும் இன்சுலினைக் கெடுத்துவிடும்.

விடியற்காலையில் 140 கிலோமீட்டர் அலைக்கழித்தால் சர்க்கரை ஏறும் என்பதால் முந்தைய நாள் மாலையே புறப்பட்டுப் பூந்தமல்லியில் உன் சித்தி வீட்டில் தங்கினோம். அன்றைய முதல் சிகிச்சையே அவனுக்குத்தான் என்று மருத்துவர் ஒதுக்கியிருந்தார். சர்க்கரை உள்ள உயிரை வெறும் வயிற்றில் நண்பகல் வரை காக்க வைக்கக் கூடாது. இரவு 11 மணிக்குக் கொஞ்சம் மென்மையான உணவு, தண்ணீர் கிளம்பும் வரை. காலையில் சர்க்கரை 268. அவர் சொன்னபடி பாதி அளவு, ஒன்றரை யூனிட் மட்டும் போட்டோம். முழு அளவு போட்டால் சாப்பிடாத வயிற்றில் சர்க்கரை சரிந்துவிடும். அறவே நிறுத்தினால் கீட்டோன் சேரும். எவ்வளவு குறைப்பது என்பது ஒவ்வொரு பூனைக்கும் மாறும் என்பதால் அவரைக் கேட்காமல் நாமாக முடிவு செய்யக் கூடாது.

உள்ளே நடந்ததை அவர் பிறகு விளக்கினார். முன்னங்காலில் சலைன் ஏற்றி, மூச்சுக்குழாயில் குழாய் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை 90க்கு வந்ததும் சலைனில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் சேர்த்தார்கள். தாடை நரம்பிலும் மரத்துப்போகும் ஊசி போட்டதால் மயக்க வாயு குறைவாகவே தேவைப்பட்டதாம். வாயை விரித்துப் பிடிக்க ஸ்பிரிங் கருவி வைத்தால், மூளைக்கும் கண்ணுக்கும் போகும் இரத்தம் தடைப்பட்டுச் சில பூனைகளுக்குப் பார்வையே போய்விடும் என்பதால் அவர் அதைத் தொடுவதே இல்லை என்றார். வெளியே பார்த்தபோது மூன்று பற்கள்தான் கெட்டிருந்தன. எக்ஸ்ரேயில், ஈறுக்குள்ளே மேலும் நான்கின் வேர்கள் கரைந்துபோயிருந்தன. பூனைக்கு 30 பற்கள். அவற்றில் ஏழு போயின. எக்ஸ்ரே எடுக்காமல் மூன்றை மட்டும் பிடுங்கியிருந்தால் வலியில் பாதி அவனோடே இருந்திருக்கும்.

அன்று இரவு முதலில் அவன் எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பெரிய பயம் அதுதான். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே கேடாகும். இன்சுலினும் சாப்பாட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். உன் அம்மா கோழி நெஞ்சுக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, விழுதாக அரைத்து, வாசனை எழும்பும் அளவுக்குச் சூடாக்கி விரலில் எடுத்து நீட்டினாள். 9 மணிக்கு மூன்று விரல் அளவு நக்கினான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வலிக்குக் கன்னத்துக்குள் விடும் சொட்டு மருந்து தந்திருந்தார்கள். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் காய்ச்சலுக்கு எப்போதும் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரை, பூனைக்கு ஒன்றே ஒன்று கொடுத்தாலும் உயிரைப் பறித்துவிடும். யாராவது பரிவோடு பொடித்துக் கொடுத்துவிடக் கூடாது என்று அந்த டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றி, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உண்மையான ஆபத்து அறுவை நாளில் வரவில்லை, பிறகுதான் வந்தது. நான்காம் நாள் காலை சர்க்கரை 88. மார்ச்சிலிருந்து அப்படி ஓர் எண்ணை நாங்கள் பார்த்ததே இல்லை. வழக்கப்படி 3 யூனிட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊசியை வைத்துவிட்டு மருத்துவரை அழைத்தேன். அந்த வேளை போட வேண்டாம், இனி ஒன்றரை என்றார். சீழ் போனதும் உடம்பு இன்சுலினை ஏற்கத் தொடங்கிவிட்டது. ஆயாவுக்குப் புண் ஆறிய வாரம், பழைய அளவையே போட்டு, அவர் சமையலறையில் மயங்கி விழுந்தாரே, அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அளவைக் குறைத்தும் ஆறாம் நாள் மாலை அவன் பின்னங்கால் தள்ளாடி நடந்தான். பார்த்தால் 54. குளுக்கோஸ் பவுடரை இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்துத் தையல் இல்லாத பக்கத்து ஈறில் தேய்த்தேன். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதால் தானாக நக்காது. நாம்தான் தடவ வேண்டும். தண்ணீராக வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கால் மணியில் தலை நிமிர்ந்தான், பிறகு சாப்பிட்டான். அன்றிரவு மணிக்கு ஒருமுறை காது குத்தினோம். மறுநாளிலிருந்து அளவு 1 யூனிட்.

12ஆம் நாள் வாயைப் பார்த்த மருத்துவர் நன்றாக ஆறிவருகிறது என்றார். தானே கரையும் தையல் என்பதால் பிரிக்க வேண்டியதில்லை. சில பூனைகளுக்கு இப்படியே இன்சுலின் தேவையே இல்லாமல் போவதும் உண்டாம். அவனுக்கும் அப்படி ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆசைப்பட்டு ஊசியை நிறுத்த மாட்டேன், அளவைப் பார்த்துத்தான்.

நீ இருக்கும் டொரோண்டோவின் பல்கலைக்கழகத்தில்தான் பான்டிங்கும் பெஸ்ட்டும் 1921இல் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அங்குள்ள மருத்துவமனையில்தான் முதல் ஊசி போட்டார்கள். கடையில் நின்ற காலமெல்லாம் அந்த ஊரின் பெயரை நன்றியோடு நினைத்தவன் நான். இப்போது என் மகள் அங்கே இருக்கிறாள். என்றைக்காவது அந்தப் பல்கலைக்கழகப் பக்கம் போனால் எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்பு.

டிசம்பரில் நீ வந்ததும் காது குத்தவும் ஊசி போடவும் உன் அம்மா கற்றுத்தருவாள். இனி அவனைப் பற்றி எந்த முடிவானாலும் உன்னிடம் கேட்டுத்தான் எடுப்பேன். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து ஞாயிறுதோறும் அனுப்புகிறேன். இன்று காலை 6.30க்கு 142, ஊசி 1 யூனிட், கிண்ணத்தில் மிச்சமில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா