எழுபது வயதை ஏழாயிரம் ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளிவந்த நவீன பேகனிசம், அதாவது ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வ வழிபாடுகளை இக்காலத்தில் மீண்டும் தொடங்கிய மதங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிசாசு வழிபாடு என்று பூச்சாண்டி காட்டாமல் இதைத் தமிழில் எழுதுபவர்கள் குறைவு. கட்டுரையாளரை அதற்காகவே பாராட்டலாம். ஆனால், கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதம் ஒன்று சூனிய வேட்டைக் காலத்தில் காட்டுக்குள் ஒளிந்து பிழைத்து, இப்போது வெளியே வந்திருக்கிறது என்று அவர் எழுதியிருப்பது இடிக்கிறது. அது வரலாறு இல்லை. அந்த மதம் தொடக்க காலத்தில் தனக்குத் தானே பாடிக்கொண்ட தலபுராணம்.

அந்தப் புராணத்தைப் பரப்பியதில் பெரும் பங்கு மார்கரெட் மர்ரிக்கு உண்டு. 1863-ல் கல்கத்தாவில் பிறந்து, லண்டனில் எகிப்தியவியல் கற்பித்தவர். சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் ஒரு பழைய கருவள மதத்தைப் பின்பற்றியவர்கள் என்று 1921-ல் ஒரு நூலில் வாதிட்டார். அவர் நம்பியது விசாரணை வாக்குமூலங்களை. அவற்றிலும் வானத்தில் பறந்தது போன்ற சங்கதிகளைக் கழித்துவிட்டு, தமக்குத் தோதான வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். வரலாற்றாசிரியர்கள் இன்று இதை ஏற்பதில்லை. ஐரோப்பாவில் அந்த வழக்குகளில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர். பெரும்பாலோர் அக்கம்பக்கத்துப் பகையில் மாட்டிக்கொண்ட சாதாரணக் கிறிஸ்தவர்கள்.

கட்டுரையில் ஜெரால்ட் கார்ட்னருக்கு ஒரே ஒரு வரிதான். ஜொகூரில் வாழும் எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது. நவீன பேகனிசத்தில் பரவலாக அறியப்பட்ட பிரிவான விக்காவுக்கு உருவம் கொடுத்தவர் அவர். இங்கிலாந்தில் பிறந்த ஆஸ்துமா நோயாளி. 1900-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை பழக வந்தார். கொழும்பில், ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதரச் சங்கமான ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு போர்னியோ, அதன் பிறகு மலாயா. இங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்தார், அரசுப் பணியில் சேர்ந்து ஜொகூரில் அதிகாரியானார். மலாய்க்காரர்களின் கெரிஸ் கத்திகளைப் பற்றி 1936-ல் ஒரு நூலே வெளியிட்டார். அதே ஆண்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். விக்கா சடங்கில் கறுப்புப் பிடி போட்ட கத்தியால் வட்டம் வரைந்து, நான்கு திசைகளையும் அழைத்துத்தான் பூசையைத் தொடங்குவார்கள். அந்தக் கத்தியைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கெரிஸ்தான் நினைவுக்கு வருகிறது. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், என் ஊகம் அவ்வளவுதான்.

1939-ல் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு ரகசியக் குழு தமக்குத் தீட்சை கொடுத்ததாகக் கார்ட்னர் சொன்னார். அப்படி ஒரு குழு இருந்திருக்கலாம். அது ஆதிகாலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்பதற்குத்தான் சான்று இல்லை. மூன்று படிநிலைத் தீட்சை ஃப்ரீமேசன்களிடமிருந்து வந்தது. சடங்கு வாசகங்களில் கணிசமான பகுதி, 1947-ல் அவர் சந்தித்த மாந்திரீக எழுத்தாளர் அலைஸ்டர் குரோலியின் எழுத்து. 1953-ல் கார்ட்னரிடம் தீட்சை பெற்ற டொரீன் வேலியன்டே என்ற பெண் இதைக் கண்டுபிடித்து நேரில் கேட்டார். கார்ட்னர் மழுப்பவில்லை; இதைவிட நன்றாக எழுத முடிந்தால் எழுது என்று சொல்லிவிட்டார். வேலியன்டேயும் எழுதினார். தேவியே பேசுவதாக அமைந்த சடங்கு வாசகமான, விக்காவினர் இன்றும் சொல்லும் ‘தேவி வாக்கின்’ உரைநடை வடிவம் அந்த அம்மாள் கைவண்ணம்.

சூனிய சக்தி உண்டு என்று சொல்லிக்கொள்வதையே குற்றமாக்கிய பிரிட்டனின் 1735-ன் சூனியச் சட்டம் 1951-ல் ரத்தானது. கார்ட்னரின் விக்கா நூல் 1954-ல் வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் வேறு யாருமில்லை, மார்கரெட் மர்ரிதான். கட்டுரையாளர் பழங்காலத்தது என்று குறிப்பிடும் எட்டுப் பண்டிகைகளும் ஒரே சுழற்சியாகக் கோக்கப்பட்டது 1950-களில்தான். அவற்றில் சாம்ஹெய்ன், பெல்டேன் போன்றவை அயர்லாந்தின் பழைய பண்டிகை நாட்கள். பகலும் இரவும் சமமாக இருக்கும் இலையுதிர்காலச் சமநாளுக்கு மேபன் என்று பெயர் வைத்ததோ 1970-களில் ஓர் அமெரிக்கர்.

பழைய நார்ஸ் தெய்வங்களை வழிபடும் ஐஸ்லாந்தின் ஆசாத்ரு சங்கத்தையும் கட்டுரை இதே கணக்கில் சேர்க்கிறது. அது வேறு தடம். 1972-ல் ஸ்வேன்பியோர்ன் பைன்டைன்சன் என்ற விவசாயக் கவிஞர் நண்பர்களோடு தொடங்கியது. மறு ஆண்டே அரசு அங்கீகரித்தது. ‘எட்டா’ (Edda) எனப்படும் பழைய நார்ஸ் தெய்வப் பாடல்கள் கையில் இருந்ததால் ரகசியக் குழுக் கதை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. லித்துவேனியாவின் பழைய பால்டிக் மதத்தை மீட்க முனைந்த ரொமுவா இயக்கம் நாட்டுப்பாடல்களிலிருந்தும் கிராமத்து வழக்கங்களிலிருந்தும் கட்டப்பட்டது. சோவியத் ஆட்சியில் 1967-ல் கெர்னவே என்ற ஊரில் கோடைச் சங்கராந்தியை, அதாவது ஆண்டின் மிக நீண்ட பகலைக் கொண்டாடியவர்களிடமிருந்து வளர்ந்தது. அவர்களுக்கு அரசு அங்கீகாரம் மறுக்கப்பட்டது தவறு என்று 2021-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் நம் காவல் தெய்வங்களையும் கட்டுரையாளர் இந்தப் பேகனிசத்துக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் தோட்டத்து முனீஸ்வரரைச் சஞ்சிக்கூலிகளாக, அதாவது ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்தார்கள். பூசை, பலி, சாமியாட்டம் எல்லாம் தாத்தாவிடமிருந்து பேரனுக்குக் கைமாறி வந்தவை. ஐரோப்பாவில் நடந்ததோ அறுந்துபோனதைப் புத்தகம் பார்த்துக் கட்டியெழுப்பியது. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இரண்டுமே விளங்காது.

புதிய மதம் என்றால் போலி மதம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் பதிந்திருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999-ல் இந்தப் பிறப்புக் கதையை விரிவாக எழுதிய பிறகு, அவர்களில் பலரே பழைமைக் கதையை விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டதை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

இன்னொன்று. இங்கிலாந்தின் பெருங்கல் வட்டத்துக்கான படக்குறிப்பில் ‘ட்ரூயிட்கள் கட்டிய ஸ்டோன்ஹெஞ்ச்’ என்று போட்டிருக்கிறீர்கள். ட்ரூயிட்கள் என்றால் பழங்காலக் கெல்டிக் பூசாரிகள். அந்தப் பெருங்கற்கள் நிறுத்தப்பட்டது கி.மு. 2500 வாக்கில்; ட்ரூயிட்களைப் பற்றிச் சீசர் எழுதியது கி.மு. முதல் நூற்றாண்டில். இன்று சங்கராந்தி அன்று வெள்ளை அங்கியில் அங்கே கூடுகிறவர்களோ 18-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு உருவான சங்கங்களின் வழிவந்தவர்கள். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஜொகூர் பாரு