மாப்ளைக்கு, பீஸ் கட்டின கதை

மாப்ள, நல்லாருக்கியால? இங்க சாரல் நிக்கவே இல்ல, கடையில அரிசி மூட்டையெல்லாம் நமுத்துப் போய்க் கெடக்கு. போன் பண்ணினா கேரளாவுல, புனலூர்ல லோடு எறக்குதேன்னு பாதியிலயே வச்சிருத, அதான் உக்காந்து எழுதுதேன்.

பயலுக்கு கவுன்சிலிங்ல சீட்டு கெடச்சிட்டு, மெக்கானிக்கல், தனியார் காலேஜ்தான். டியூஷன் பீஸ் 50 ஆயிரம்னாங்க, சமாளிச்சிரலாம்னு போனா ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு 68, அப்புறம் டெவலப்மெண்ட், பிளேஸ்மெண்ட் ட்ரெயினிங், யூனிபார்ம்னு ஒரு 22, அந்த 22க்கு மட்டும் ரசீது துண்டுச் சீட்டுல எழுதித் தாரான். மொத்தம் 1,40,000ல!

முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கினா டியூஷன்ல 25 ஆயிரம் கழியும்னு நம்பி இ-சேவையில போய் நின்னேன், வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களான்னு கேட்டா அந்தப் பிள்ள. மூத்தவ பி.காம்லா. அவ படிச்ச ஆர்ட்ஸ் காலேஜுக்கு அந்தச் சலுகையே கெடையாது, ஆனா அவ டிகிரி முடிச்சதால தம்பிக்கும் இல்ல. வீட்ல வந்து சொன்னதும் "நான் படிச்சது தப்பாப்பா"ன்னு கேட்டுட்டா, எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

இன்னொரு கூத்து அந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு. ஆறாப்புலருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டு கவர்மெண்ட் ஸ்கூல்னா டியூஷன், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுது, 2021லருந்து இன்ஜினியரிங்குக்கும் உண்டு. நான்தான் கடன வாங்கி மெட்ரிக்ல சேத்தேனே.

உன் மகள ஏழாப்புல புனலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீ நின்னதும், பேத்திய புளியரைய விட்டு அனுப்ப மாட்டேன்னு உங்க அம்மா சண்ட போட்டதும் ஞாபகம் இருக்கா? அந்தக் கெழவிக்கு ஒரு சேலை எடுத்துக் குடு. ரெண்டு வருசம் அந்தப் பக்கம் படிச்சிருந்தாலும் உனக்கும் இதே கதிதான். இப்பவே ஹெட்மாஸ்டர்ட்ட ஆறாப்புலருந்து படிச்சதுக்கு போனஃபைடு சர்டிபிகேட் வாங்கி வை, கடைசி நேரத்துல அலையாத. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வேற வரும்.

நான் படிப்பு லோனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டல்ல போட்டிருக்கேன். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் வேண்டாம்னுதான் ரூலு, மேனேஜர் முதல்ல கேட்டதே வீட்டுப் பத்திரம் இருக்கான்னுதான். நாளைக்கு மறுபடி வரச் சொல்லிருக்காரு.

அடுத்த மாசம் பயல ஹாஸ்டல்ல கொண்டு விடணும். லோடு இல்லாத நாளாப் பாத்துச் சொல்லு, உன் வண்டியிலயே பெட்டி படுக்கைய ஏத்திரலாம், டீசல் நான் போடுதேன், வர்ற வழியில பார்டர் பரோட்டா உன் செலவு.

உன்
செங்கோட்டைக்காரன்