சத்தம் பெடல்ல இல்ல, கரண்ட்ல இருக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம சென்னையில மெல்லிசைக் குழு, சர்ச் குயர்னு வாசிக்கிற பசங்க இப்ப நெறைய பேர் கிட்டார் பெடல், அதாவது கிட்டார் சத்தத்த மாத்த காலால அமுத்துற சின்ன பெட்டி, வச்சிருக்காங்க, கரகரப்புக்கு டிஸ்டார்ஷன், எதிரொலிக்கு டிலே, ரிவெர்ப்னு காசு சேத்து ஒண்ணொண்ணா வாங்குறாங்க, மேடையில மாட்டுனதும் ஸ்பீக்கர்ல உம்ம்ம்னு இரைச்சல் இல்லன்னா கீய்ங்னு விசில், உடனே பெடல் டூப்ளிகேட்டுன்னு பாதி விலைக்கு தள்ளிவிட்டுடுறாங்க. பாக்க மனசு கேக்கல. முக்கால்வாசி நேரம் பெடல்ல ஒரு குறையும் இருக்காது, அதுக்கு போற கரண்ட்ல தான் இருக்கும்.

பேட்டரி போடுற பெடல்னா அடாப்டர கழட்டிட்டு புது 9 வோல்ட் பேட்டரியில வாசிச்சு பாருங்க. இரைச்சல் நின்னுடுச்சுன்னா பெடல் மேல பழி இல்ல. பேட்டரி போட வழி இல்லாத பெடல்னா மத்ததெல்லாம் கழட்டிட்டு அத மட்டும் தனி அடாப்டர்ல போட்டு பாக்கணும்.

அடுத்து அடாப்டர். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் டிசி, பின்னோட நடுவுல மைனஸ், வெளிய பிளஸ். வீட்டுல இருக்குற வைஃபை பாக்ஸ், சிசிடிவி அடாப்டர்லாம் அநேகமா 12 வோல்ட், நடுவுல பிளஸ், ஆனா பின் அப்படியே பொருந்திடும், அதான் வினையே. உள்ள பாதுகாப்பு டயோடு இல்லாத பெடல்னா ஒரு நிமிஷத்துல பொசுங்கிடும். ரிச்சி ஸ்ட்ரீட்ல சாதா மல்டிமீட்டர் கம்மி விலைக்கே கெடைக்குது, ஒண்ணு வாங்கி பையில போட்டுக்கங்க. டிசி வோல்ட் 20ல வச்சு, சிவப்பு முனைய பின்னோட ஓட்டைக்குள்ள விட்டு கருப்ப வெளி உலோகத்துல தொடணும், 9க்கு முன்னாடி மைனஸ் குறி வந்தா இந்த வகை பெடலுக்கு சரியான அடாப்டர், வரலன்னா மாட்டாதீங்க. பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் சிலதுல மேல 9ன்னு போட்டிருக்கும், சும்மா அளந்தா 12, 13 காட்டும், அதையும் ஒதுக்கிடுங்க. அடாப்டர் குடுக்கக்கூடிய கரண்ட், அதாவது மில்லிஆம்ப், கூட இருந்தா பயமில்ல, பெடல் தனக்கு வேணுங்கறத தான் எடுக்கும், கம்மியா இருந்தா தான் தகராறு. சாதா ஓவர்டிரைவுக்கு (லேசான டிஸ்டார்ஷன் பெடல்) 20 மில்லிஆம்ப்புக்குள்ளயே முடிஞ்சிடும், டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் 100லேருந்து 300 வரைக்கும் இழுக்கும். ஒரே ஒயர்ல வரிசையா எல்லாத்தையும் கோத்தா டிஜிட்டல் பெடலோட விசில் டிஸ்டார்ஷன் வழியா பெருசாகி வெளிய வரும், அந்த டிஜிட்டல் ஒண்ணுக்கு மட்டும் தனி அடாப்டர் குடுத்தாலே பாதி பிரச்னை போயிடும்.

நான் முக்கியமா எழுத வந்தது எர்த் பத்தி. போன ஆடி மாசம் வடசென்னையில ஒரு தெருக் கச்சேரி, பாடுற தம்பி கிட்டார் கம்பிய புடிச்சுக்கிட்டே மைக்ல உதட்ட வச்சான், பளீர்னு அடிச்சு ரெண்டடி பின்னாடி போயிட்டான். கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒரு லைன்ல, மைக் போற மிக்ஸர் வேற லைன்ல, ஆம்ப் மாட்டியிருந்த ஜங்ஷன் பாக்ஸ்ல மூணு ஓட்டை இருக்கு, எர்த்துக்கான மூணாவதுல ஒயரே இல்ல! இதுல இரைச்சல் வருதுன்னு எர்த் பின்ன வெட்டிடுற ஆளுங்க வேற இருக்காங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, சத்தம் நிக்கும் ஆனா ஏதாவது லீக் ஆனா அந்த 230 வோல்ட் நேரா கம்பிக்கு வரும். ஆம்ப், மிக்ஸர், பெடல் எல்லாம் நல்ல எர்த் இருக்குற ஒரே போர்டுலேருந்து எடுத்தா இரைச்சலும் குறையும் உயிருக்கும் பாதுகாப்பு.

மண்டபக்காரங்களும் விழா கமிட்டிக்காரங்களும் மேடைக்குன்னு எர்த்தோட ஒரு லைன் தனியா குடுக்கணும், அதுல கரண்ட் லீக் ஆனா உடனே லைன கட் பண்ணுற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போடணும், சீரியல் செட்டும் டிம்மர் லைட்டும் அந்த லைன்ல வரவே கூடாது. பந்தலுக்கு, லைட்டுக்கு ஆகுற செலவுல இது ஒண்ணுமே இல்ல. அடுத்த ஆடிக்கு முன்னாடி ஒரு நல்ல எலக்ட்ரீஷியன வச்சு மேடை எர்த் எப்படி போடணும், எப்படி செக் பண்ணணும்னு நம்ம பேப்பர்ல படத்தோட போடுங்க ஐயா.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு கிட்டாரிஸ்ட் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.