கறுப்பியைக் கொண்டு வரேக்க

அன்பு மகளுக்கு,

உனக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைச்சதில எனக்குச் சரியான சந்தோசம், ஆனா ராத்திரி போன்ல நீ உன்ர பூனை கறுப்பிய அட்டைப்பெட்டியில போட்டு சாமான் லொறியில ஏத்தி விடுறன் அம்மா எண்டு சொன்னாய் பார், அதோட எனக்கு நித்திரை போட்டுது. போன்ல சொன்னா ஓமோம் எண்டிட்டு மறந்திடுவாய், அதான் எழுதுறன்.

2008ல சண்டையால நாங்கள் கிளிநொச்சியால வெளிக்கிடேக்க உனக்கு எட்டு வயசு, அப்ப இருந்த பூனை செவலைய ஞாபகம் இருக்கே? உரப்பைக்குள்ள விட்டுக் கட்டி ட்ரக்டர் பெட்டியில பாய் தலகாணிக்கு நடுவில வைச்சனான், பரந்தன் சந்தி வரேக்குள்ளயே பையைக் கிழிச்சுக்கொண்டு குதிச்சு வந்த வழியாலயே திரும்பி ஓடிட்டுது. நீ விசுவமடு மட்டும் அழுதுகொண்டு வந்தனி. நான் கட்டின கட்டுத்தான் பிழை எண்டு கனகாலம் நினைச்சுக்கொண்டு இருந்தன்.

பிறகு திரும்பி வந்து தகரக் கொட்டில்ல இருந்து கல்வீட்டுக்கு மாறினமே, இருபது அடி கூட இல்லை, அப்ப இருந்த சாம்பல் பூனை ஒரு மாசமா பழைய அடுப்புச் சாம்பலுக்குள்ளதான் போய்ப் படுத்தது. அது படுக்கிற சாக்கைத் தோய்க்காமல் புது வீட்டு மூலையில கொண்டுவந்து போட்ட பிறகுதான் உள்ள வந்தது, அதுவும் முதல்ல வாசல்ல நிண்டு சாக்கை எட்டி எட்டி மணந்து பாத்திட்டு. நாய்க்கு ஆள், பூனைக்கு வீடு எண்டு சனம் சொல்லுறது சும்மா இல்லை பிள்ளை. அதின்ர கன்னத்திலயும் நாடியிலயும் மணம் சுரக்குது, கதவு நிலையிலயும் கட்டில் காலிலயும் முகத்தைத் தேய்ச்சு இது என்ர இடம் எண்டு வைக்கிறது அதாலதான். புது வீட்டில அந்த மணம் ஒரு இடத்திலயும் இல்லை, பயப்பிடாமல் என்ன செய்யும்?

அதால கூடு ஒண்டை இப்பவே வாங்கித் திறந்தபடி அறையில வை, அவளின்ர பெட்சீட்டை உள்ள போடு, ரெண்டு கிழமையில தானாப் போய்ப் படுப்பாள். வெளிக்கிடுற அண்டைக்கு ஆறேழு மணித்தியாலம் ஓட்டம் எண்டபடியா வயிறு நிறையக் குடுக்காத, சத்தி எடுப்பாள், தண்ணி குடுக்கலாம். லொறியில வேண்டவே வேண்டாம், வெக்கைக்கே போயிடும், வான்ல உன்ர பக்கத்தில வை. மதவாச்சியில தேத்தண்ணிக்கு நிப்பாட்டேக்க பாவம் எண்டு கூட்டைத் திறந்திடாத, றோட்டுக்குப் பாய்ஞ்சா பிறகு பிடிக்கேலாது.

வந்தவுடனே முழு வீட்டையும் காட்ட வேண்டாம். சின்ன அறை ஒண்டில மண் போட்ட பேசின், தண்ணி, சாப்பாடு, பழைய பெட்சீட் எல்லாம் வைச்சு யன்னலைப் பூட்டி விடு, மண் பேசினை மட்டும் சாப்பாட்டுக்குத் தள்ளி வை. கட்டிலுக்குக் கீழ போய் ஒளிப்பாள், இழுக்காத, மருமகனிட்டயும் சொல்லு, அவருக்குப் பொறுமை குறைவு. மெல்லிய துணியால அவளின்ர கன்னத்தைத் துடைச்சு அதை அலுமாரிக் காலிலயும் கதவு நிலையிலயும் அவளின்ர உயரத்துக்குத் தேய்ச்சு விடு. ஒரு நாள் முழுக்க ஒண்டும் தின்னாட்டி பாத்துக்கொண்டு இருக்காமல் மாட்டு டொக்டரிட்டக் கொண்டு போ, பூனை பட்டினி கிடந்தா ஈரல் பழுதாப் போகும், கொழுத்த பூனைக்கு இன்னும் கெதியா. காய்ச்சல் எண்டு நினைச்சு பனடோல் மட்டும் குடுத்திடாத, பூனைக்கு அது நஞ்சு.

அவள் பிளாட்டில வளந்தவள், மண்ணில கால் வைச்சதே இல்லை. இங்க வளவு, கிணறு, நாய், பாம்பு எல்லாம் இருக்கு. மூண்டு கிழமையாவது வெளியில விடாத, விசர்நாய்க்கடி ஊசி போடாட்டி அங்கயே போட்டுக்கொண்டு வா. முதல் முதல் விடேக்க காலமைச் சாப்பாட்டுக்கு முன்னம் பசியோட விட்டு, பக்கத்தில நிண்டு கொஞ்ச நேரத்தில கோப்பையைத் தட்டிக் கூப்பிடு, வருவாள்.

வாற திகதியைச் சொல்லு, நான் முதல் நாளே பஸ் எடுத்து வந்து அறையைக் கூட்டி யன்னல் வலையெல்லாம் பாத்து வைக்கிறன். அந்த பெட்சீட்டைத் தோய்ச்சுப் போடாத பிள்ளை.

அன்புடன்
அம்மா