எல்லை ஊர்களைச் சேர்த்து எண்ணுங்கள்: மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதுரை, தேனி, விருதுநகர் மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். பேரையூர் வட்டத்தின் மேற்கு ஓரத்தில் விவசாயம் பார்க்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். எழுமலை, எம்.கல்லுப்பட்டி, சாப்டூர் என்று மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்கள் எங்களுடையவை. மலைக்கு அந்தப் பக்கம் தேனி, தெற்கே போனால் விருதுநகர். எங்கள் குறையை உங்களில் ஒருவர் மட்டும் தீர்த்துவிட முடியாது என்பதால்தான் மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சமவெளியில் 30,000 பேருக்கு, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. ஓரத்தில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களையும் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளையும் தனியாக எண்ணினால் இந்த எண்ணிக்கை லேசில் சேராது. மாவட்டக் கோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்களையும் கூட்டினால் நிலைமை மாறலாம். ஆனால் கூட்டிப் பார்ப்பது யார் பொறுப்பு?

எங்களுக்குப் பெரிய பயம் பாம்புக்கடி. மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு, ராத்திரி ஆனாலும் தண்ணீர் பாய்ச்சப் போயாக வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக் கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படியில்லை. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும், பல சமயம் தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், அப்புறம் இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். மருந்து இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் சென்னையை அடுத்த நம் வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நம் மாநிலத்திலேயே தொடங்கும் மருந்து, எங்கள் ஊர் ஓரத்தில் ராத்திரி நேரத்தில் கிடைக்க வேண்டாமா? ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் முதல் டோஸ் போடாமலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயணத்தில் போகும் நேரம்தான் உயிரை எடுக்கிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவுகளை மாவட்டவாரியாக மட்டும் பார்க்காமல், மூன்று மாவட்டத்து அடிவாரத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஆண்டிப்பட்டி கணவாய். 1996 வரை தேனியும் மதுரை மாவட்டமாகத்தான் இருந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே, தொட்டப்பநாயக்கனூர்ப் பக்கத்து மக்களுக்குக் கணவாயைத் தாண்டினால் தேனி மாவட்டத்துக் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை இராசாசி மருத்துவமனையை விடப் பக்கம். நோயாளியை எங்கே அனுப்புவது என்பதைச் சாலைத் தூரம் தீர்மானிக்கட்டும், மாவட்டப் பெயர் வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையிடமும், வட்ட மருத்துவமனை நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வித் துறையிடமும் இருக்கின்றன. மூன்று மாவட்டம், மூன்று துறை என்றால் இழுபறிதான். இவர்களை ஒன்றாக உட்கார வைக்க ஆட்சியர்களான உங்களால்தான் முடியும்.

நான் கேட்பது புதுக் கட்டிடம் இல்லை. அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரியும் ஒரு மருத்துவர், முதல் டோஸுக்கு வேண்டிய விஷமுறிவு மருந்து, அதைத் துணிந்து போடுவதற்கான பயிற்சி, மூச்சு திணறினால் வழி நெடுகக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வர ஆம்பு பை. பேறுகால நாள் நெருங்கிய மலைக்குடிப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க ஓர் அறை. இவ்வளவுதான்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் மூவரும் ஒரு கூட்டம் போடுங்கள். கலெக்டர் ஆபீஸில் வேண்டாம், எழுமலையிலோ சாப்டூரிலோ வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் இரு பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர்களையும் அழையுங்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பாதை, மழையில் எது அடைபடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
பேரையூர் வட்டத்து விவசாயி ஒருவர்