புது வண்டி சூடாகிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சித்திரை வெயில் ஏறியதிலிருந்து கடைக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, புது வண்டி இப்படிச் சூடாகுதே, எஞ்சின்ல கோளாறா?" ஹிமாலயன் 450, எக்ஸ்பல்ஸ், 390 அட்வென்சர் என்று பைக்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ரேடியேட்டர் ஃபேன் ஓடுவது கோளாறு அல்ல. 2016இல் வந்த பழைய ஹிமாலயனில் ரேடியேட்டர் கிடையாது. காற்றும் ஆயிலும்தான் எஞ்சினைக் குளிர்வித்தன. 2023 நவம்பரில் வந்த 450இல் எஞ்சின் சூட்டை வாரிக்கொள்ளும் கூலன்ட் திரவம், அதைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டர், ஃபேன் எல்லாம் உண்டு. அதிலிருந்து இதற்கு மாறியவர்கள் ஃபேன் சத்தம் கேட்டதும், காலில் அனல் அடித்ததும் பயந்துவிடுகிறார்கள். கூலன்ட் 100 டிகிரியை நெருங்கும்போது ஃபேன் ஓடத்தான் வேண்டும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து, ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடித்திருந்தால், கொதிநிலை 120 டிகிரிக்கும் மேலே போய்விடும். ஆகவே ஃபேன் ஓடி, சூடு இறங்கி, ஃபேன் நிற்கிறது என்றால் வண்டி தன் வேலையைச் செய்கிறது. ஃபேன் ஓடியும் சூடு இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, வார்னிங் லைட் எரிந்தாலோ, ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

இனி தேரிக்கு, அதாவது நம் பக்கத்துச் செம்மணல் மேடுகளுக்கு, வருவோம். நம் பையன்கள் ஞாயிறு காலையில் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் செம்மணலில் இறங்குகிறார்கள். (குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போகாதீர்கள்; அது வண்டி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்றாலும் சொல்ல வேண்டியது.) எரியும் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு கூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை, மீதியெல்லாம் சூடு. ரோட்டில் அறுபது எழுபதில் போகும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். மணலிலோ வண்டி முதல் கியரில், முழு ஆர்பிஎம்மில், நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. சூடு அதிகம், காற்று இல்லை. அதோடு புதிதாக ஓட்டுபவர்கள் அரை கிளட்ச் பிடித்தே சமாளிக்கப் பார்க்கிறார்கள். நம் வண்டிகளில் கிளட்ச் பிளேட் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், அது தேயும் சூடு நேராக ஆயிலில் இறங்குகிறது. மணலில் கிளட்சை முழுதாக விட்டு, இரண்டாம் கியரில், எழுந்து நின்று, உடல் எடையைப் பின்னுக்குக் கொடுத்து, வேகம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். பாதிச் சூடு அதிலேயே குறையும். சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள். இறங்கி, மணலை விலக்கி, தள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் இன்னொன்றும் சேரும். செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கிற நாளில் கிழக்கே பார்த்து மெதுவாகப் போனால், காற்றும் வண்டியும் ஒரே வேகத்தில் போகும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே கிடைக்காது. அதே வண்டி திரும்பி வரும்போது ஜம்மென்று இருக்கும். இதை எஞ்சின் கோளாறு என்று நினைத்து வந்தவர்களும் உண்டு.

டெலிவரி எடுத்த அன்றே ஃபாக் லேம்ப், கிராஷ் கார்டு, அதில் தொங்கும் பை, ரேடியேட்டருக்குச் சல்லடை என்று எல்லாவற்றையும் மாட்டச் சொல்கிறீர்கள். நாங்களும் விற்கிறோம்தான். ஆனால் ரேடியேட்டர் முன்னால் எதை மாட்டினாலும் காற்று மறைகிறது. பையைப் பின்னால் கட்டுங்கள். லேம்ப்பை ரேடியேட்டரை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சல்லடை வேண்டுமென்றால் கண் பெரிதாக இருப்பதை வாங்குங்கள். சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு ஈசியூவை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டரை) தொடாமல் விட்டால் சில வண்டிகளில் கலவை லீனாகி, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், எஞ்சின் இன்னும் சூடாகும். முதல் சர்வீஸ் முடியும்வரையாவது கம்பெனி சைலன்சரிலேயே ஓட்டுங்கள். புது எஞ்சினில் பிஸ்டனும் ரிங்கும் இன்னும் பழகவில்லை, உரசல் சூடு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். எனவே அதுவரை தேரிக்கே போகாமல் இருப்பது உத்தமம். அந்த சர்வீஸில் டேப்பட் கிளியரன்ஸையும் (வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு இறுகியிருந்தால் அது சரியாக உட்காராது, சூட்டையும் வெளியே கடத்தாது.

கூலன்ட் குறைந்தால் வழியில் கிடைக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள். உடன்குடிப் பக்கத்து போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள் காறையாகப் படிந்துவிடும். அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் பையில் இருக்கட்டும். தண்ணீர் கலந்தே விற்காத கெட்டிக் கூலன்டைத் தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் நல்லது என்று நினைப்பதும் தவறு. தண்ணீர் அளவுக்கு அது சூட்டை ஏந்தாது. எக்ஸ்பல்ஸ் 200 போல ரேடியேட்டர் இல்லாத வண்டிகளில் ஆயில் அளவுதான் உயிர். ஜாஸோ எம்ஏ2 தரத்தில் (ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரம்), மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

வார்னிங் லைட் எரிந்துவிட்டால் நிழலில் நிறுத்தி, முன்பக்கம் காற்றைப் பார்த்து இருக்கும்படி வண்டியைத் திருப்புங்கள். சாவியை ஆனிலேயே விட்டு, கில் சுவிட்சில் எஞ்சினை மட்டும் அணைத்தால் பல வண்டிகளில் ஃபேன் தொடர்ந்து ஓடும். எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். குறைந்தது அரை மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டாம், உள்ளே இருப்பது முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

தேரியிலிருந்து திரும்பியதும் ரேடியேட்டர் இடுக்கில் ஒட்டிய செம்மண்ணைக் குழாய்த் தண்ணீரில், மெதுவான வேகத்தில், முடிந்தால் பின்பக்கமிருந்து கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் இடுக்குத் தகடுகள் மடங்கி வழியே அடைத்துக்கொள்ளும். ஏர் ஃபில்டரையும் அன்றே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சூடு இறங்கவில்லை என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். மூடி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி ஆகியவற்றை வரிசையாகப் பார்ப்போம். வாரண்டி காலத்தில் பாகம் மாற்ற வேண்டியிருந்தால் கம்பெனி ஷோரூமுக்கே அனுப்பிவைப்போம். ஒரு வேண்டுகோள்: வருவதற்கு முன் வாட்டர் வாஷ் செய்துவிடாதீர்கள். மண் எங்கே அடைத்திருக்கிறது, கூலன்ட் எங்கே வழிந்து காய்ந்திருக்கிறது என்பது அழுக்கு வண்டியில்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் ஊழியர்கள்,
திருநெல்வேலி